ஊசி குத்தாத கை

நேற்றுக் காலை உன் தம்பி சேவியர் வந்திருந்தான். காடியை வாசலில் நிறுத்தி, அதன் பின்கதவைத் திறந்து, போர்வையில் சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து என் சாப்பாட்டு மேசைமேல் வைத்தான்.

“அக்கா, எங்க அக்கா ரூம காலி பண்றோம். இத என்ன செய்யிறதுன்னு தெரியல. எங்க யாருக்கும் இதப் பத்தி ஒன்னும் தெரியாது. நீங்கதானே வாங்கச் சொன்னீங்க, நீங்களே வச்சிக்குங்க லா,” என்றான்.

அவன் குத்திக்காட்டவில்லை. அப்படிப் பேசத் தெரியாதவன் என்று உனக்கே தெரியும். பால் போடாத தே ஓ குடித்துவிட்டு, மழை வருகிறது என்று சொல்லி லகாட்டுக்குத் திரும்பிவிட்டான். நான் போர்வையைப் பிரித்தேன். நாம் இருவரும் போய் வாங்கிய, கணினியில் செருகிப் படம் வரையும் பெரிய திரை. கடையில் ஒட்டி வந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் இன்னும் அதன்மேல் அப்படியே இருந்தது. ஒரு மூலையில் மட்டும் நகத்தால் கிளப்பிப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தி ஒட்டியிருக்கிறாய். புதுப்பொருளுக்கே உரிய அந்தப் பசை வாசனைகூடப் போகவில்லை.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உன் அடக்கத்தன்று கல்லறையில் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டபோது நான் பின்னால் நின்றுகொண்டேன். அழுகை வரவில்லை. நேற்றுத்தான் வந்தது, அந்தப் பிளாஸ்டிக் தாளைப் பார்த்தபோது.

நாம் ஈப்போ பழைய டவுன் பக்கம் அச்சுக்கடையில் ஒன்றாக வேலை பார்த்த ஒன்பது வருடத்தில், நீ என்னைவிட நன்றாக வரைவாய் என்பது கடையில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், மாதாகோயில் காலண்டர் என்று எது வந்தாலும், படம் என்றால் கடை முதலாளி தவுக்கே உன் மேசைக்குத்தான் அனுப்புவார். மௌஸை வைத்துக்கொண்டே மயிலுக்குத் தோகை வரைந்தவள் நீ. நான் எழுத்து அடுக்குவதில் கெட்டிக்காரி. பத்து மணிக்குப் பசியாறப் போனால் உன் ரொட்டியில் பாதி எனக்கு வரும். என் சம்பலில் பாதி உனக்குப் போகும். நமக்குள் எதிலும் போட்டி இருந்ததாக நினைவில்லை. நினைவில்லை என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முப்பத்தெட்டு வயதில் உன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வேலையை விட்டாய். வாரத்தில் மூன்று நாள், காலை ஏழு மணிக்குப் பத்து காஜா டவுனில் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். ஊசி குத்துவதற்காக இடது முன்கையில் அறுவை செய்து நரம்பைப் புடைக்க வைத்திருந்தார்கள். வெயிலிலும் நீண்ட கைச் சட்டை போட்டு அதை மறைத்துக்கொண்டுதான் என் வீட்டுக்கு வருவாய். நோயைப் பற்றி நான் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். ஒருமுறை மட்டும் சொன்னாய்.

“வீட்ல, கோயில்ல, கடையில, எல்லா இடத்திலயும் என்னைப் பாத்தா ‘ஐயோ பாவம்’னு ஒரு மூஞ்சி வச்சிக்கிறாங்க. உன்கிட்டதான் அது இல்ல. நீயும் ஆரம்பிச்சிடாத.”

நான் ஆரம்பிக்கவில்லை. நாளடைவில் கேட்பதையே விட்டுவிட்டேன். அதை மரியாதை என்று நினைத்தேன்.

அதற்குள் நானும் அச்சுக்கடையை விட்டு வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆரம்பித்திருந்தேன். கோலாலம்பூரில் ஒரு சிறிய பதிப்பகம், குழந்தைகளுக்கான தமிழ்ப் புத்தகங்கள். நான் பக்கம் வடிவமைப்பேன், சிலவற்றுக்குப் படமும் வரைவேன். ஒரு நாள் நீ போனில் வரைந்த படங்களை எனக்கு அனுப்பினாய். லகாட்டில் ஈயம் தோண்டிவிட்ட குட்டையில் வாழும் ஒரு நீர்நாய்க் குடும்பம். குட்டி ஒன்று மீனைப் பிடிக்கத் தெரியாமல் மீனோடு சிநேகமாகிவிடுகிறது. கதையும் உன்னுடையதுதான். சின்ன வயதில் உன் அப்பாவோடு தூண்டில் போடப் போனபோது பார்த்தவை என்றாய். பதிப்பகத்தை நடத்தும் அம்மாவுக்கு அனுப்பிவைத்தேன். அன்று மாலையே கூப்பிட்டார். “இருபத்து நாலு பக்கம். அவங்களையே வரையச் சொல்லுங்க,” என்றார்.

உனக்குச் சொன்னபோது எத்தனை பக்கம் என்று இரண்டு தடவை கேட்டாய். பிறகு, “என் பேரு அட்டையில வருமா?” என்று கேட்டாய்.

பிரச்சினை ஒன்றுதான். உன் போன் பழசு. அச்சுக்கு வேண்டிய அளவில் பக்கத்தைத் திறந்தால் நின்றுவிடும். “இதுல புக்கு போட முடியாது. ஒழுங்கா ஒன்னு வாங்கு. நான் கூட வாரேன்,” என்றேன். அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போனோம்.

அந்தக் கடைக் காட்சியை இந்த இரண்டு வருடத்தில் எத்தனை தடவை திரும்ப ஓட்டிப் பார்த்திருப்பேன்!

விற்பனைப் பெண் மூன்று வகையை எடுத்து வைத்தாள். திரையில்லாத பலகை ஒன்று. அதில் கை ஒரு பக்கம் வரையும், கண் கணினியைப் பார்க்கும். இரண்டாவது பெரிய திரை, நேராக அதன்மேலேயே வரையலாம், ஆனால் கணினியோடும் மின்சாரத்தோடும் கட்டிப்போட வேண்டும். மூன்றாவது கையில் எடுத்துக்கொண்டு போகிற சின்ன டேப்லெட். கம்பி எதுவும் கிடையாது. நீ நேராக மூன்றாவதன் பக்கம் போனாய். வலது கையில் தூக்கினாய். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்தாய். சாய்ந்துகொண்டு பார்த்தாய்.

“இது எவ்வளவு கனம் இருக்கும்?” என்று கேட்டாய்.

“கறிக்கடையிலயா நிக்கிற?” என்று சிரித்தேன். அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

பிறகு பெரிய திரையை நான் காட்டியபோது, அதோடு வரும் சின்னப் பொத்தான் கருவியை எடுத்துப் பார்த்தாய். “இது எந்தக் கைக்கு?” என்றாய்.

“இடது கைக்கு. வலது கை வரைஞ்சிக்கிட்டே இருக்கும், அழிக்கிறது, பெருசாக்குறது எல்லாம் இடது கை பாத்துக்கும். இது இல்லாம நான் ஒரு கோடு போட மாட்டேன்.”

“ஒரு கையால மட்டும் வரைய முடியாதா?”

“ஏன், இன்னொரு கையால என்ன செய்யப் போற, கோப்பி குடிக்கவா?”

நீயும் சிரித்தாய். அப்போது உன் வலது கை, இடது கைச் சட்டையின் விளிம்பை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டது. அதை நான் பார்த்தேன். பார்த்தது இப்போதும் கண்ணில் இருக்கிறது. ஆனால் அன்று அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. என் தலை முழுக்க என் அறைதான் இருந்தது. கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை, அகலமான மேசை, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்வரை நீளமான காலைப்பொழுது. எல்லாரும் அப்படித்தான் வரைகிறார்கள் என்பதுபோல நான் உனக்குப் பாடம் நடத்தினேன். சின்னதை வாங்குகிறவர்கள் விளையாட்டுக்கு வரைகிறவர்கள் என்றேன். புத்தகம் என்றால் பெரிய திரைதான் என்றேன். ஒரு வாரத்தில் கை பழகிவிடும் என்றேன்.

நீ கடைசியாக ஒருமுறை சின்னதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “சரி லா. உனக்குத்தான் தெரியும்,” என்றாய்.

முதல் மாதம் கூப்பிட்டபோதெல்லாம், “போகுது, போகுது,” என்றாய். இரண்டு பக்கம் அனுப்பினாய். குட்டையின் செம்மண் கரையும், தண்ணீரில் பாதி முங்கிய, ஈயம் அள்ளிய பழைய கப்பலும், அதன் துருப்பிடித்த இரும்பில் வெயில் காயும் நீர்நாய்களும். அப்படி ஒரு வெளிச்சத்தை நான் வரைந்ததே இல்லை. ஆனால் பதிப்பக அம்மா கூப்பிட்டு, படம் சின்ன அளவில் வந்திருக்கிறது, அச்சில் மங்கிப்போகும் என்றார். நான் உன்னைக் கடிந்துகொண்டேன். “நான் எழுதிக் கொடுத்த செட்டிங்ல வரையலையா? அவ்ளோ பெரிய சாமான வச்சிக்கிட்டு இப்படியா அனுப்புவ?”

“சாரி. மாத்திடுறேன்,” என்றாய்.

பிறகு ஒன்றும் வரவில்லை. மூன்று மாதம், ஐந்து மாதம். உனக்கு முடியவில்லையோ என்று நினைத்தேன். கேட்கப் பயந்தேன். அந்த ‘ஐயோ பாவம்’ முகத்தை நான் வைத்துக்கொள்ளக் கூடாதல்லவா? எட்டாம் மாதம் பதிப்பக அம்மா பொறுமை இழந்தார். பள்ளித் தவணை தொடங்குமுன் புத்தகம் வேண்டும், வேறு ஆள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

இன்னும் கொஞ்சம் நாள் கொடுங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். உன் வீட்டுக்கு வந்து பார்த்திருக்கலாம். ஈப்போவிலிருந்து லகாட் என்ன தூரம்? நான் சொன்னது, “நானே வரைஞ்சிடுறேன்.” எவ்வளவு வேகமாக அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது என்பதுதான் என்னை இன்றும் பயமுறுத்துகிறது. யாரோ அழைக்கக் காத்திருந்ததுபோல வந்தது.

உனக்கு நேரில் சொல்லவில்லை. போனில்கூடச் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதி, என் முதல் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து உன் பதில் வந்தது. “நல்லா வந்திருக்கு. வாலு மட்டும் மாத்து. நீர்நாய்க்கு வாலு அடியில தடிப்பா இருக்கும், போகப் போக மெலிசாகும். நீ போட்டது பூனை வாலு.”

வாலை மாற்றினேன். நன்றி என்று ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பினேன். கதையில் உன் பெயர், படத்தில் என் பெயர் என்று புத்தகம் வெளிவந்தது. அட்டையில் உன் பெயர் இருந்தது, ஆம். நீ கேட்டது அந்த மாதிரி அல்ல.

புத்தகம் வந்து சில வாரத்தில் சேவியர் கூப்பிட்டான். காடி பட்டறையில் கிடக்கிறது, அக்காவைப் பத்து காஜாவுக்குக் கொண்டுபோய் விட முடியுமா என்று. நீ போய்வந்த மூன்றரை வருடத்தில் அன்றுதான் நான் அந்த டயாலிசிஸ் நிலையத்துக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தேன். வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விடு என்றாய். மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே வந்தேன்.

வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இயந்திரம். உன் சட்டைக் கையை நீயே மடித்தாய். கயிறு முறுக்கியதுபோல எழும்பியிருந்த நரம்பை அன்றுதான் பார்த்தேன். நர்ஸ் மிஸ்ஸி இரண்டு ஊசியைக் குத்தி நாடா ஒட்டினார். அந்தக் கையை இனி நான்கு மணி நேரம் அசைக்கக் கூடாது. அப்புறம் அவர் நீ கேட்காமலே ஒரு தலையணையை எடுத்து வந்து உன் மடியில் வைத்தார். அதன் நடுவில் ஒரு குழி விழுந்திருந்தது.

“ஹாரி இனி பூன் தா லூக்கிஸ் கா?” என்றார். இன்றைக்கும் வரையவில்லையா என்று.

நீ தலையை ஆட்டினாய். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், எஸ்டேட்டில் லோரி ஓட்டியவராம், என்னைப் பார்த்துச் சொன்னார்: “முன்னல்லாம் இங்க உக்காந்ததும் போனத் தலகாணி மேல வச்சி வரைய ஆரம்பிச்சிடும். நாங்க நாலு மணி நேரம் போறது தெரியாம பாத்துக்கிட்டு இருப்போம். என் மூஞ்சியக்கூட போட்டுக் கொடுத்திச்சி. இப்ப ரொம்ப மாசமா ஒன்னும் இல்ல. கேட்டா சிரிக்குது.”

நான் உன் அருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குப் புரிந்துகொண்டே வந்தது. நீர்நாய்ப் படங்கள் எல்லாம் இந்த நாற்காலியில் வரைந்தவை. வீட்டில் உனக்கு மேசை கிடையாது. டயாலிசிஸ் முடிந்த நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பாய், மறுநாள் சமையல், துணி, தம்பி வீட்டு வேலை. இந்த நான்கு மணி நேரம்தான் உன் வேலை நேரம். சாய்ந்த முதுகு, மடியில் தலையணை, ஒரே ஒரு கை. இங்கே அந்தப் பெரிய திரையை எதன்மேல் வைப்பாய்? எதில் செருகுவாய்? இடது கைப் பொத்தானை யார் அழுத்துவார்கள்?

“கடையில ஏன் சொல்லல?” என்றேன். என் குரல் எனக்கே கோபமாகக் கேட்டது.

நீ என்னைப் பார்க்காமல் இயந்திரத்தில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

“சொன்னேனே லா. கனம் எவ்வளவுன்னு கேட்டேன். ஒரு கையால முடியுமான்னு கேட்டேன். நீ சிரிச்ச.”

“அது இதுக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அதுக்கு மேல என்ன சொல்லணும்? அந்தப் புள்ள முன்னாடி கையத் தூக்கிக் காட்டணுமா? உன்கூட இருக்கிறப்பயாவது சீக்காளியா இல்லாம இருக்கலாம்னு பாத்தேன்.”

மழை தகரக் கூரையில் இரைந்தது. ஸ்டூலை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டு கேட்டேன். “சரி, போன்லயாவது வரைஞ்சிருக்கலாமே. அத ஏன் விட்ட?”

“ரெண்டு பக்கம் அதுலதான் வரைஞ்சேன். திருப்பி அனுப்பிட்டீங்க. அவ்ளோ பெருச வாங்கி ஹால்ல வச்சிட்டு, போன எடுத்துக் கிறுக்கக் கூச்சமா இருந்திச்சி. எடுத்தாலே நீ சொன்னதுதான் ஞாபகம் வரும். விளையாட்டுக்கு வரையிறவங்கன்னு.”

இதை நீ வருத்தமாகச் சொல்லவில்லை. மார்க்கெட்டில் மீன் கிடைக்காததைச் சொல்வதுபோலச் சொன்னாய். அதனால்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரமே, என்னிடம் சும்மா கிடந்த சின்ன டேப்லெட்டைக் கொண்டுவருகிறேன் என்றேன். பிள்ளையின் பரீட்சை, தீபாவளி, ஒரு அவசர வேலை என்று ஆறு வாரம் ஆக்கினேன். கொண்டுவந்தபோது நீ வாங்கித் தலையணைமேல் வைத்துக்கொண்டாய். முதல் நாளே அதை உன்னுடையதாக்கிவிட்டாய். மேலிருந்த கருவிப் பட்டைகளையெல்லாம் மறைத்தாய், மூன்றே தூரிகை வைத்துக்கொண்டாய். தப்பாகப் போன கோட்டை வரையும் கையின் சுண்டுவிரலாலேயே தட்டி அழித்தாய். பக்கத்தைத் திருப்ப வேண்டுமென்றால் தலையணையையே முழங்காலால் சாய்த்தாய். எந்தக் கடையிலும் யாரும் சொல்லித் தர முடியாத வித்தை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்தேன்.

அதில் மிஸ்ஸியை வரைந்தாய், லோரிப் பெரியவரை மறுபடி வரைந்தாய், சன்னலுக்கு வெளியே தெரிந்த கொய்யா மரத்தை வரைந்தாய். ஒரு நாள் தயங்கித் தயங்கி, “நீர்நாய வரையேன். அடுத்த கதையாப் போடலாம்,” என்றேன்.

“அது உன் புக்கு இப்போ,” என்றாய். பேனா நிற்கவே இல்லை.

பதினொரு வாரம். பிறகு காய்ச்சல், ஆஸ்பத்திரி. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். நான்காம் நாள் சேவியர் கூப்பிட்டான்.

போன மாதம் ஒரு தமிழ்ப்பள்ளியில் அந்தப் புத்தகத்தை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். வாசித்து முடித்ததும் முன்வரிசைப் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து, “டீச்சர், நீங்க நெசமா நீர்நாயப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டாள். “பாத்திருக்கேன்மா,” என்றேன், ஒரு தடவைகூடப் பார்க்காதவள். பிள்ளைகள் கைதட்டினார்கள். காடிக்குள் வந்து உட்கார்ந்து வெகுநேரம் சாவியைத் திருப்ப முடியவில்லை. அன்று மாலை பதிப்பக அம்மாவுக்கு நடந்ததையெல்லாம் எழுதினேன். அடுத்த பதிப்பில் உன் இரண்டு பக்கத்தையும், மங்கினாலும் பரவாயில்லை, சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். அடுத்த பதிப்பு வருமா என்று தெரியவில்லை என்றார். உண்மையாகவும் இருக்கலாம்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். இரண்டு வாரத்துக்கு முன் கமுந்திங்கிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். படம் வரைவதற்கு என்ன வாங்கலாம் என்று யாரோ என்னைக் கேட்கச் சொன்னார்களாம். எனக்கு வாய்வரை வந்துவிட்டது, இத்தனை அங்குலம், இன்ன வகை என்று. நிறுத்திக்கொண்டேன். எங்கே உட்கார்ந்து வரைவாய் என்று கேட்டேன். அவள் கூச்சப்பட்டாள். “காடிக்குள்ளதான் அக்கா. வீட்டுக்காரர் பேக்டரியில சிப்ட் முடிக்கிற வரைக்கும் வெளிய நிப்பாட்டிட்டு இருப்பேன். புள்ள பின்னாடி தூங்கும். அதுதான் எனக்குக் கெடைக்கிற நேரம்,” என்றாள்.

என் வாழ்நாளில் நான் ஊகித்திருக்க மாட்டேன். “வா, உன் காடியில போய் உக்காரலாம்,” என்றேன். வாசலில் நின்ற அவள் காடியில் ஏறிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். அவள் இருக்கையைப் பின்னால் தள்ளி, நோட்டுப் புத்தகத்தை ஸ்டேரிங்மேல் சாய்த்து, வழக்கமாக எப்படி வரைவாளோ அப்படியே வரைந்து காட்டினாள். முழங்கை எங்கே இடிக்கிறது, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, பிள்ளை சிணுங்கினால் எந்தக் கை பின்னால் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். உனக்குக் கொடுத்திருக்க வேண்டிய பத்து நிமிடம் அது. அவளிடம் அதை எப்படிச் சொல்வது? சும்மா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.